ஈர்ப்பையும் காந்தத்தையும் அளந்து நிலத்தடியை வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையிலும், சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கடினப்பாறைப் பகுதிகளிலும் ஈர்ப்பு, காந்த ஆய்வுக்குச் செல்பவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வரப்போரம் நின்று கருவியை வேடிக்கை பார்ப்பவர் கேட்பதையே, சொல்லை மட்டும் மாற்றி, நிலவியல் முதலாண்டு மாணவரும் கேட்கிறார். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளிய ஐயங்களில் தொடங்கித் துறை சார்ந்தவர்களையே தடுமாறவைக்கும் ஐயங்கள்வரை, இங்கே தொகுத்திருக்கிறேன்.

தோண்டாமலே பூமிக்குள் இருப்பதை எப்படிச் சொல்ல முடியும்?

நிலத்தடியில் உள்ள பாறைகள் எல்லாம் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. ஆற்று வண்டலும் மணலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம், கிரானைட் 2.6 முதல் 2.7 கிராம், பசால்ட் 2.9 கிராம் அளவில் இருக்கும். அடர்ந்த பாறை மேலே எழும்பி வந்திருக்கும் இடத்தில் ஈர்ப்பு சிறிது கூடுகிறது. இலகுவான படிவு ஆழமாகத் தேங்கிய இடத்தில் சிறிது குறைகிறது. அதுபோலவே, மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் எந்தப் பாறையில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் புவியின் காந்தப்புலமும் இடத்துக்கு இடம் சிறிது மாறுகிறது. இந்த மாற்றங்களைப் புள்ளி புள்ளியாக அளந்து வரைபடமாக்குவதே இந்த ஆய்வு.

அளப்பவர் நிலத்தடியைப் பார்ப்பதில்லை. நிலத்தடி மேற்பரப்பில் உண்டாக்கும் விளைவை மட்டுமே அளக்கிறார். விளைவிலிருந்து காரணத்தை ஊகித்தாக வேண்டும். பின்வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

எங்கள் வயலில் வைத்த கருவி மண்ணுக்குள் எதையாவது அனுப்புகிறதா? வெடி வைப்பார்களா?

இல்லை. இரண்டு கருவிகளும் ஏற்கெனவே இருக்கும் விசையை அளப்பவை மட்டுமே. மின்சாரத்தையோ அதிர்வையோ கதிரையோ அவை நிலத்துக்குள் செலுத்துவதில்லை. ஈர்ப்புமானி ஒரு சிறு முக்காலியின்மேல் சில நிமிடங்கள் அசையாமல் இருந்தால் போதும். துளையிட்டு வெடிமருந்து வைப்பதும், கனத்த வண்டிகளைக் கொண்டு நிலத்தை அதிரச் செய்வதும் நில அதிர்வு ஆய்வைச் சேர்ந்தவை. அது வேறு முறை.

டெல்டா மாவட்டங்களில் இக்கேள்விக்குப் பின்னால் இன்னொரு கவலையும் இருக்கிறது: அளக்க வந்துவிட்டார்கள் என்றால் அடுத்து கிணறு தோண்ட வருவார்களோ என்பது. அளவை ஒன்று, அனுமதி வேறொன்று. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. எங்கே என்ன தோண்டலாம் என்பதைத் தீர்மானிப்பது அத்தகைய சட்டமும் அரசின் முடிவும்தான். இருந்தாலும், வயலுக்குள் கால் வைப்பவர் எதை, எதற்காக அளக்கிறோம் என்று நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் குழுக்களில் பல இதைச் செய்வதில்லை.

ஈர்ப்பு கூடுகிறது, குறைகிறது என்கிறீர்கள். நமக்குத் தெரியவே இல்லையே?

தெரியாது. புவியின் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.8 மீட்டர்/நொடி². இத்துறையில் அதை மில்லிகால் என்னும் அலகில் அளக்கிறார்கள். கலிலியோவின் பெயரால் அமைந்த அலகு அது. அந்தக் கணக்கில் மொத்த ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகால். ஆய்வாளர் தேடும் வேறுபாடோ சில மில்லிகால்கள், சில சமயம் ஒரு மில்லிகாலில் பத்தில் ஒரு பங்கு. மொத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய ஈர்ப்புமானிகள் மில்லிகாலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். உள்ளே ஒரு மெல்லிய சுருள்வில்லில் சிறு எடை தொங்குகிறது. ஈர்ப்பு மாறினால் அது நகர முயல்வதைக் கருவி உணர்கிறது. ஆகவே பேருந்து கடந்தாலும், பக்கத்தில் டிராக்டர் உழுதாலும், காற்றில் தென்னை ஆடி அதன் வேர் மண்ணை அசைத்தாலும் எண்கள் குதிக்கும். கரையோரத்தில் கடலலையின் அதிர்வே போதும். குமிழ் மட்டத்தைச் சரிசெய்துவிட்டு, எண் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பதே களப்பணியின் பெரும்பகுதி.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் சமவெளிதான். கீழே வரைய என்ன இருக்கிறது?

மேலே தெரியும் சமவெளிக்கும் கீழே உள்ள நிலத்துக்கும் தொடர்பே இல்லை. ஜுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் கோண்டுவானாப் பெருநிலம் உடையத் தொடங்கியபோது, இன்றைய தமிழ்நாட்டின் கிழக்கு ஓரம் இழுபட்டு விரிந்து பிளந்தது. பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலத் துண்டுகளில் சில கீழே இறங்கின. சில உயரத்திலேயே நின்றன. இறங்கிய பள்ளங்களில் ஆறுகளும் கடலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிவைக் கொட்டி நிரப்பின. அந்தக் கடலின் ஒரு விளிம்பை அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளிலும் கடல்வாழ் உயிர்ப் புதைபடிவங்களிலும் இன்றும் கண்ணால் காணலாம். மற்றவை எல்லாம் வண்டலுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன.

காவிரிப் படுகையின் நிலப்பகுதி மட்டும் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர். அதன் அடியில் அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் எனப் பள்ளங்களும், அவற்றைப் பிரிக்கும் கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு போன்ற மேடுகளும் பெரும்பாலும் வடகிழக்கு–தென்மேற்குப் போக்கில் அமைந்துள்ளன. பள்ளங்களின் நடுவே படிவின் கனம் ஐந்து கிலோமீட்டரையும் தாண்டுகிறது. 1950களின் இறுதியில் இங்கே எண்ணெய்த் தேடல் தொடங்கியபோது முதலில் எடுக்கப்பட்டவை ஈர்ப்பு, காந்த அளவைகளே. பள்ளங்களும் முகடுகளும் முதலில் உருப்பெற்றது அவற்றின் வரைபடங்களில்தான். நில அதிர்வு ஆய்வும் ஆழ்துளைக் கிணறுகளும் பின்னால் வந்து அவற்றைத் திருத்தின.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். படிவுக்கும் அதன் அடியிலுள்ள நைஸ் என்னும் பழைய கடினப் பாறைக்கும் அடர்த்தி வேறுபாடு 0.3 என்றும், படிவின் கனம் 3 கிலோமீட்டர் என்றும் கொண்டால், ஈர்ப்பு ஏறத்தாழ 38 மில்லிகால் குறையும். ஆழம் போகப் போகப் படிவு இறுகி அடர்த்தி கூடுவதால் உண்மையான குறைவு இதைவிடச் சிறியதாக இருக்கும். அப்படியிருந்தும், மில்லிகாலில் நூறில் ஒரு பங்கை அளக்கும் கருவிக்கு அது பெரிய அளவு.

கருவி காட்டும் எண்ணை அப்படியே வரைபடத்தில் போட்டால் என்ன? எதற்கு இத்தனை திருத்தம்?

அப்படிப் போட்டால் கிடைப்பது ஊரின் மேடுபள்ள வரைபடமாகத்தான் இருக்கும். ஒரு மீட்டர் மேலே ஏறினால் ஈர்ப்பு 0.3086 மில்லிகால் குறையும். ஆனால் காலுக்கும் கடல்மட்டத்துக்கும் இடையிலுள்ள பாறை, அதன் அடர்த்தி வழக்கமாகக் கொள்ளும் 2.67 ஆக இருந்தால், மீட்டருக்கு 0.112 மில்லிகால் கூட்டும். இரண்டையும் கழித்துக் கூட்டினால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.197 மில்லிகால் நிற்கும். இதைத் திருத்தியபின், எதிர்பார்க்கும் மதிப்பிலிருந்து மிச்சமாக நிற்கும் வேறுபாடே பூகேர் பிறழ்வு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்டீஸ் மலையில் அளந்த பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேரின் பெயர் அது. டெல்டாவின் மெத்தென்ற வண்டலுக்கும் 2.67 என்றே போட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. நிலம் தட்டையாக இருப்பதால் பெரிய பிழை வராது என்றாலும், அது நல்ல பழக்கம் அல்ல.

வடக்கு தெற்கு இடப்பெயர்ச்சிக்கும் கணக்கு உண்டு. நிலநடுக்கோட்டைவிடத் துருவங்களில் ஈர்ப்பு 5,000 மில்லிகாலுக்கு மேல் அதிகம்; தஞ்சாவூர் அட்சரேகையில் ஒரு கிலோமீட்டர் வடக்கே போனாலே 0.3 மில்லிகால் கூடும். சந்திரனும் சூரியனும் இழுப்பதால் ஒரே இடத்தின் ஈர்ப்பு ஒரு நாளுக்குள் 0.3 மில்லிகால்வரை ஏறி இறங்கும். கருவியின் சுருள்வில்லும் நாள் முழுவதும் மெல்லத் தளர்கிறது. அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்கிறார்கள். ‘காலையில் அளந்த இடத்தையே மதியமும் வந்து அளக்கிறார்களே’ என்று சிரிப்பவர்களுக்கு இதுதான் விடை.

உயரத்தைக் கைபேசி ஜிபிஎஸ்ஸில் பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. மேற்சொன்ன கணக்கின்படி உயரத்தில் ஐந்து மீட்டர் பிழை ஏற்பட்டாலே ஒரு மில்லிகால் பிழை வந்துவிடும். கைபேசி காட்டும் உயரத்தில் அந்த அளவு பிழை சாதாரணம். 0.01 மில்லிகால் துல்லியம் வேண்டுமானால் உயரம் ஐந்து சென்டிமீட்டருக்குள் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இருமுனை ஜிபிஎஸ் கருவியோ (ஒன்றை நிலையாக வைத்து, மற்றதை அதோடு ஒப்பிடுவது) மட்டக்கோல் அளவையோ தேவை. பல ஆய்வுகளில் ஈர்ப்புமானியைவிட உயரம் அளக்கும் வேலைக்கே கூடுதல் நேரமும் பணமும் போகின்றன.

மலை என்றால் பாறை அதிகம். அப்படியானால் மலையில் ஈர்ப்பு அதிகமாகத்தானே இருக்க வேண்டும்?

நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் உயரத் திருத்தங்களைச் செய்து முடித்தபின், பெரிய மலைத்தொடர்களின்மேல் பூகேர் பிறழ்வு எதிர்க்குறியோடுதான் வருகிறது. மலையின் எடையைத் தாங்க, அதற்கு அடியில் இலகுவான புவி ஓடு (பூமியின் மேலடுக்குப் பாறை) ஆழமாக இறங்கி நிற்கிறது. மேலே தெரியும் மேட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறைவு ஒளிந்திருக்கிறது.

இந்தக் கருத்து பிறந்ததே இந்திய அளவைப் பணியிலிருந்து. 1802இல் சென்னை பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை வடக்கே இமயத்தின் அடிவாரம்வரை போனபோது, கலியானா, கலியான்பூர் என்னும் இரண்டு இடங்களுக்கு இடையிலான தொலைவு நிலத்தில் அளந்தால் ஒன்றாகவும் விண்மீன்களைக் கொண்டு அளந்தால் வேறாகவும், 5.236 பாகைநொடி வித்தியாசத்தில் வந்தது. இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதுதான் காரணம் என்று எண்ணி, கல்கத்தாவின் பிரதம குருவான பிராட் கணக்கிட்டார். மலை இழுத்திருக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 15.9 பாகைநொடி என்று வந்தது. உண்மையில் இழுத்திருப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆங்கிலேய வானியலாளர் ஏரி 1855இலும் பிராட் 1859இலும் தந்த விளக்கங்கள் வேறுவேறானாலும், மலைக்கு அடியில் எடை குறைவு என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

காந்த ஆய்வு எதை அளக்கிறது? இரும்பு இருந்தால்தான் காட்டுமா?

இரும்பு இருப்பது மட்டும் போதாது. அது மாக்னடைட் போன்ற காந்தக் கனிமமாக இருக்க வேண்டும். பாறையில் அது நூறில் ஒரு பங்கு இருந்தாலும் தெளிவாகத் தெரியும். சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலையில் மாக்னடைட் குவார்ட்சைட் பட்டைகளின்மேல் நின்றால், சாதாரணத் திசைகாட்டியே திசை தவறிவிடும். மணற்கல், சுண்ணாம்புக்கல், களிப்பாறை போன்ற படிவுப் பாறைகளில் பெரும்பாலும் அந்தக் கனிமம் மிகக் குறைவு.

அலகு நானோடெஸ்லா. தென்னிந்தியாவில் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. பரவலாகப் பயன்படும் புரோட்டான் காந்தமானியின் முனையில் கெரசின் போன்ற ஹைட்ரஜன் நிறைந்த திரவம் அடைத்த புட்டி ஒன்று இருக்கும். அதிலுள்ள புரோட்டான்கள் இந்தப் புலத்தில் நொடிக்குச் சுமார் 1,700 முறை சுழன்றாடும். அந்த எண்ணிக்கையை அளந்தாலே புலத்தின் வலிமை கிடைத்துவிடும். கம்பத்தின் உச்சியில் அந்த முனையைப் பிடித்து நடப்பவர் இடுப்புவாரின் இரும்புக் கொக்கி, சாவிக்கொத்து, கைபேசி எல்லாவற்றையும் வண்டியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். முள்வேலி, மின்கம்பி, பம்பு செட் ஆகியவற்றிடமிருந்தும் விலகியே நடக்க வேண்டும்.

நண்பகல் நேரத்தில் காந்த அளவை எடுக்காதீர்கள் என்கிறார்களே, வெயிலுக்காகவா?

வெயிலுக்காக அல்ல, ஆனால் சூரியன்தான் காரணம். பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், மின்னோட்டங்கள் பாய்கின்றன. அவற்றின் காந்தப்புலம் கீழே நாம் அளப்பதோடு கலந்துவிடுகிறது. பெரும்பாலான நாடுகளில் இது ஒரு நாளில் சில பத்து நானோடெஸ்லா மட்டுமே. காந்த நடுக்கோட்டின் (புவிக்காந்தப் புலம் கிடைமட்டமாக இருக்கும் கோட்டின்) மேலே மட்டும் இந்த ஓட்டம் ஒரு குறுகிய பட்டையாகத் திரண்டு மிக வலுவாகப் பாய்வதால், நண்பகலை ஒட்டி 100 நானோடெஸ்லாவுக்கும் மேல் ஏறி இறங்கும். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததும் இதனால்தான். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே நம் தென்மாவட்டங்களில் காந்த ஆய்வு செய்பவர், அசையாத ஓர் இடத்தில் இரண்டாவது காந்தமானி ஒன்றை நாள் முழுவதும் ஓடவிட்டு, அதன் ஏற்ற இறக்கத்தைக் கள அளவுகளிலிருந்து கழித்தே ஆக வேண்டும். 2024 மே மாதத்தில் வந்ததைப் போன்ற பெரும் காந்தப் புயல் வீசும் நாட்களில் கழித்தும் பயனில்லை. கருவியை மூடிவிட்டு ஊர் திரும்புவதே மேல்.

மாக்னடைட் பாறையின் நேர்மேலே மதிப்பு குறைகிறதே, கருவி கெட்டுவிட்டதா?

கருவி சரியாகவே இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் எழுதப்பட்ட பாடநூல்களில், காந்தப் பாறைக்கு மேலே உச்சம் வருவதாகப் படம் போட்டிருக்கும். அங்கே புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே இறங்குவதால் அது சரி. தமிழ்நாட்டின் தெற்கில் புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக வடக்கு நோக்கிச் செல்கிறது. கிடைமட்டமாகக் காந்தம் ஏறிய பாறை, தனக்கு நேர்மேலே உண்டாக்கும் புலம் புவியின் புலத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். அதனால் பாறையின்மேல் பள்ளமும், அதன் வடக்கிலும் தெற்கிலும் சிறு மேடுகளும் வருகின்றன. பாடநூல் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உயர்ந்த மதிப்பைக் காட்டும் சிவப்புத் திட்டில் துளை போட்டால் பாறை தப்பிவிடும்.

இதைவிடச் சங்கடமான விளைவு ஒன்று உண்டு. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு டோலரைட் சுவர்ப்பாறை (பிளவில் பாறைக்குழம்பு ஏறி இறுகிச் சுவர்போல நிற்பது) தன் நீளவாக்கிலேயே காந்தம் ஏறுவதால், அதன் இரு முனைகளில் மட்டுமே பிறழ்வைக் காட்டும்; நடுப்பகுதி கிட்டத்தட்ட மறைந்தே போகும். அதே பாறை கிழக்கு மேற்காக இருந்தால் பளிச்சென்று தெரியும். தென்மாவட்டக் காந்த வரைபடங்களில் கிழக்கு மேற்குக் கட்டமைப்புகள் மிகுதியாகத் தெரிவதற்கு நிலவியல் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

இதைச் சரிக்கட்ட, அளவைத் துருவத்தில் எடுத்ததுபோல மாற்றும் கணிதமுறை ஒன்று உண்டு. காந்த நடுக்கோட்டருகே அது நிலைகுலைந்து, வரைபடம் முழுவதும் வடக்கு தெற்காகப் பொய்யான வரிகளை இழுத்துவிடும். மென்பொருளில் ஒரு பொத்தான்தானே என்று அழுத்திவிட்டு, அந்த வரிகளைப் பிளவுகள் என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு. நம் பகுதிக்கு, காந்தத் திசையை அவ்வளவாகச் சாராத பகுப்புச் சைகை முறையோ, துருவத்துக்குப் பதிலாக நடுக்கோட்டுக்கு மாற்றும் முறையோ பொருத்தமானது.

இரண்டு ஆய்வும் எதற்கு? ஒன்று போதாதா?

இரண்டும் பாறையின் வெவ்வேறு குணங்களைக் கேட்கின்றன. காவிரிப் படுகையையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே படிவு காந்தத்துக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடிபோல இருப்பதால், காந்தப் பிறழ்வு பெரும்பாலும் அடித்தளப் பாறையிலிருந்தே வருகிறது. ஈர்ப்பிலோ படிவும் அடித்தளமும் சேர்ந்தே பேசும். ஓரிடத்தில் ஈர்ப்பு உயர்ந்து, காந்தப் பிறழ்வுகளும் குறுகிக் கூர்மையாக வந்தால் அடித்தளமே மேலெழுந்திருக்கிறது என்று சொல்லலாம். ஈர்ப்பு உயர்ந்தும் காந்தப் பிறழ்வுகள் அகன்று மழுங்கியிருந்தால், அடித்தளம் ஆழத்தில்தான் இருக்கிறது, அடர்த்தி கூடிய வேறு ஏதோ காரணம் என்று ஐயுற வேண்டும்.

பிறழ்வைப் பார்த்தே ஆழம் சொல்லிவிடுகிறார்களே, எப்படி?

ஆழத்தில் உள்ளது அகன்ற பிறழ்வையும், மேலே உள்ளது குறுகிய பிறழ்வையும் தரும். உருண்டையான ஒரு பொருள் புதைந்திருப்பதாகக் கொண்டால், உச்ச மதிப்பு பாதியாகக் குறையும் இடம் உச்சியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்து, அதை 1.305 ஆல் பெருக்கினால் அப்பொருளின் மையத்தின் ஆழம் கிடைக்கும். 100 மீட்டரில் பாதியாகிறது என்றால் மையம் 130 மீட்டரில்.

இயற்கையில் எதுவும் உருண்டையாக இருப்பதில்லை. எனவே இந்தக் கணக்கு தருவது உச்ச வரம்பைத்தான்: இதைவிட ஆழத்தில் இருக்க வழியில்லை என்று சொல்லலாம், இதைவிட மேலே, அகலமாகப் பரவிக் கிடக்கலாம் என்பதை மறுக்க முடியாது.

ஒரே வரைபடத்துக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு விடை சொன்னால் யாரை நம்புவது?

இருவருமே அளவைக்குப் பொருந்தும் விடையைத் தந்திருக்கக்கூடும். மூட்டையைத் தராசில் வைத்து எடை மட்டும் சொன்னால், உள்ளே நெல் நிறைய இருக்கிறதா, உப்பு பாதி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஈர்ப்புப் பிறழ்வு ஒன்றுக்குப் பொருந்தும் பாறை அமைப்புகள் எண்ணற்றவை என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட உண்மை. கருவி எவ்வளவு துல்லியமானாலும் இது மாறாது.

ஆகவே நிபுணரிடம் கேட்க வேண்டியது, எந்த வெளித் தகவலைக் கொண்டு மற்ற விடைகளை விலக்கினீர்கள் என்பதுதான். பக்கத்துக் கிணற்றின் பாறைத் துணுக்கு, களத்தில் எடுத்த மாதிரிகளின் அடர்த்தி, நில அதிர்வுக் கோடு ஒன்று, இவற்றில் ஏதாவது அவர் கையில் இருக்க வேண்டும். எதுவும் இல்லாமல் வண்ண வண்ணமாக முப்பரிமாணப் படம் மட்டும் காட்டினால், அது அவருடைய கற்பனையும் மென்பொருளின் பழக்கமும் கலந்தது. பின்புலத்தைக் கழிக்கும் இடத்திலும் இதே ஐயம் வர வேண்டும். கடற்கரையை நோக்கிப் போகும்போது புவி ஓடு மெலிந்து, அதன் அடியிலுள்ள அடர்ந்த அடுக்கான மூடகம் மேலே வருவதால் ஈர்ப்பு தானாகவே மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தை ஒருவர் நேர்கோடாகவும் மற்றவர் வளைகோடாகவும் கழித்தால், மிச்சமாக நிற்கும் முகடே இடம் மாறிவிடும்.

போர் போடத் தண்ணீர் எங்கே என்று இதில் தெரியுமா?

நேரடியாகத் தெரியாது. தண்ணீருக்குக் காந்தம் இல்லை. பாறை வெடிப்பில் உள்ள நீர் ஈர்ப்பில் உண்டாக்கும் மாற்றமும் மிகச் சிறியது. கிணற்றுக்கு இடம் பார்க்க வழக்கமாகச் செய்யும் மின்தடை அளவைதான் அதற்கு ஏற்ற முறை. ஆனால் கடினப்பாறைப் பகுதிகளில் சுவர்போல நிற்கும் டோலரைட் பாறைகள் நிலத்தடி நீரோட்டத்தை மறிப்பதுண்டு. காந்த ஆய்வு அவற்றைத் தொடர்ந்து சென்று வரைந்துவிடும். ஆனால் சுவர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. முன்பு சொன்ன வடக்கு தெற்குச் சிக்கலை நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணெய் இருக்கிறது என்று வரைபடம் காட்டுமா?

காட்டாது. எண்ணெய் தங்கக்கூடிய அமைப்பு இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். 1924இல் டெக்சாஸின் நாஷ் உப்புக் குவிமாடம், ஹங்கேரியரான ஏத்வேஷ் வடிவமைத்த முறுக்குத் தராசால் கண்டறியப்பட்டு, பின்னர் எண்ணெய் தந்தபோதும், கருவி கண்டது அந்த உப்புக் குவிமாடத்தைத்தான். காவிரிப் படுகையிலும் ஈர்ப்பு வரைபடம் சொன்னது பள்ளமும் முகடும் எங்கே என்பதையே. அவற்றின் விளிம்பில் எது தேங்கியிருக்கிறது என்பதைத் துளையிட்டுத்தான் அறிய முடிந்தது.

தங்கம், புதையல்?

தங்கத்துக்குக் காந்தம் இல்லை. ஒரு குடம் தங்கம் உண்டாக்கும் ஈர்ப்பு மாற்றம் வயலில் அளக்கும் அளவுக்கும் இல்லை. சுட்ட செங்கல்லும் சூளையும் குளிரும்போது அக்காலப் புவிக்காந்தத்தைத் தம்மில் பதித்துக்கொள்வதால், தொல்லியலாளர்கள் காந்தமானியைப் பயன்படுத்துவது உண்மை. அவர்கள் தேடுவது சுவரையும் உலையையும்.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி அவ்வளவு இலகுவாயிற்றே, ஈர்ப்பில் நன்றாகத் தெரியுமே?

அடர்த்தி வேறுபாடு பெரிதுதான். சுற்றியுள்ள மணலைவிட ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம் குறைவு, கனம் 15 மீட்டர் என்று கொண்டால், ஈர்ப்பு 0.57 மில்லிகால் குறையும். ஆனால் அடுக்கு தட்டையாகப் பல கிலோமீட்டர் பரவிக் கிடந்தால், அதன் நடுவில் எங்கே நின்றாலும் குறைவு ஒரே அளவாகத்தான் இருக்கும். ஒரே அளவாக இருப்பதை வரைபடம் காட்டாது. அடுக்கு முடியும் விளிம்பிலும், பிளவால் அறுபடும் இடத்திலும் மட்டுமே எண் மாறும். பரந்து கிடப்பதைக் கண்டுபிடிப்பதைவிட அதன் எல்லையைக் கண்டுபிடிப்பதே இந்த முறைக்கு எளிது.

விமானத்திலும் செயற்கைக்கோளிலும் அளக்க முடியும்போது வயலில் ஏன் நடக்க வேண்டும்?

உயரம் கூடக் கூட நுண்ணிய பிறழ்வுகள் கரைந்துவிடும். விமானக் காந்த ஆய்வு பெரும் பரப்பை விரைவாக முடிக்கும். 1978இல் மெக்சிகோவின் பெமெக்ஸ் நிறுவனத்துக்காக யுகடான் கரையோரம் எடுத்த விமானக் காந்த அளவைகளில் கிளென் பென்ஃபீல்டு ஒரு பெரிய அரைவட்டத்தைக் கண்டார். பழைய ஈர்ப்பு வரைபடத்தில் அதன் மறுபாதி நிலத்தின்மேல் இருந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் படிவுக்கு அடியில் கிடக்கும் அந்தச் சிக்ஸுலூப் குழியையே டைனோசர்களின் அழிவோடு தொடர்புடைய விண்கல் மோதிய இடமாகப் பின்னர் ஏற்றார்கள். எண்ணெய் தேடப் போனவர்களுக்குக் கிடைத்தது அது.

செயற்கைக்கோள் இன்னும் அகன்ற பார்வை கொண்டது. சில நூறு கிலோமீட்டர் அளவிலான மாற்றங்களை அது நன்றாகக் காணும். ஒரு தாலுகாவின் உள்ளே இருக்கும் பிளவைத் தேடுபவருக்கு அதனால் பயனில்லை.

இலங்கைக்குத் தெற்கே கடலில் ‘ஈர்ப்புக் குழி’ இருக்கிறதாமே, அங்கே கப்பல் இறங்கிவிடுமா?

இறங்காது. அங்கே கடல்மட்டம், பூமி முழுதும் ஒரே சீராக இருந்தால் இருக்க வேண்டிய மட்டத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சரிவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்திருப்பதாலும், நீர் அந்த மட்டத்திலேயே ஓய்ந்து நிற்பதாலும் கப்பலில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. காரணம் புவியோட்டில் இல்லை. மூடகத்தின் ஆழத்தில் இருக்கிறது. சூடான, இலகுவான பொருள் அடியிலிருந்து எழுந்து மேல்மூடகத்தில் பரவியிருப்பதே காரணம் என்று 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எண்ணெய்க்கோ கனிமத்துக்கோ செய்யும் ஆய்வில் இது முன்பு சொன்ன பின்புலத்தின் ஒரு பகுதியாகவே கழிபட்டுப் போகும்.

எங்கள் ஊர் வரைபடத்தில் வட்டம் வட்டமாகத் தெரிகிறதே, கீழே குவிமாடங்களா?

முதலில் வரைபடத்தின்மேல் அளவை எடுத்த புள்ளிகளைக் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் அந்தப் புள்ளியின் உயரப் பிழை, அல்லது கருவியின் எண் அடங்குவதற்கு முன்பே எடுத்த அளவு. கணினி இடைவெளிகளை நிரப்பும்போது ஒரு தவறான எண்ணைச் சுற்றி அழகான வட்டம் போடும். நாட்டளவிலான திட்டத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2.5 சதுர கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று அளக்கிறது. அந்த வரைபடத்தில் 500 மீட்டர் அகலமுள்ள அமைப்பைத் தேடுவதில் பொருளில்லை.

புள்ளிகளை வரிசையாகச் சாலையோரமே எடுத்திருந்தால், வளைகோடுகளும் சாலையின் போக்கிலேயே நீண்டிருப்பதைக் காணலாம். வண்ணத்தையும் நம்பிவிட வேண்டாம்: சிவப்பு உயர்வு, நீலம் தாழ்வு என்பது வரைந்தவர் தேர்ந்த அளவுகோல், அதன் எல்லைகளை மாற்றினால் அதே எண்களில் ஒரு முகடு தோன்றவும் மறையவும் செய்யும். எனவே படத்தோடு எண்பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஐயப்படும் வட்டத்தின் நடுப்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி வரையச் சொல்லுங்கள். வட்டம் மறைந்துபோனால் அந்தப் புள்ளிக்குக் கருவியோடு திரும்பிச் சென்று அளந்தே ஆக வேண்டும்.